கைபேசியின் சட்ட, ஒழுங்குமுறை அறிவிப்புகள்

கைபேசியின் சட்ட, ஒழுங்குமுறை அறிவிப்புகள் என்பவை, ஒரு கைபேசியுடன் அதன் தயாரிப்பாளர் கட்டாயமாகவோ தன் பாதுகாப்புக்காகவோ தரும் எண்கள், குறிகள், எச்சரிக்கைகள், உரிமக் குறிப்புகள் ஆகியவற்றின் தொகுப்பாகும். இவை பெட்டியின் மேலும், கையேட்டிலும், கருவியின் பின்புறத்திலும், அமைப்புகள் பட்டியலிலும் சிதறிக் கிடக்கின்றன. எழுத்து மிகச் சிறியது. மொழி சட்ட மொழி. எனவே பெரும்பாலானோர் இவற்றைப் படிப்பதில்லை.

இவ்வறிவிப்புகளை மூன்று வகையாகப் பிரிக்கலாம். முதல் வகை, வாங்குபவரின் நலனுக்காக அரசு வெளியிடச் சொல்பவை. விலை, பதிவு எண், ஐஎம்இஐ எண், கதிர்வீச்சு அளவு போன்றவை இதில் அடங்கும். இரண்டாம் வகை, தயாரிப்பாளர் தன் பொறுப்பின் எல்லையை வரையறுக்கும் எச்சரிக்கைகள். மூன்றாம் வகை, கருவியிலுள்ள மென்பொருள், வணிகக் குறி ஆகியவற்றின் உரிமையாளர்களைப் பற்றிய குறிப்புகள். முதல் வகையைக் கொண்டு ஒரு கைபேசியை வாங்குபவரே சோதித்துப் பார்க்க முடியும். மூன்றும் ஒரே தாளில் கலந்து அச்சிடப்படுவதால் இந்தப் பயன் பலருக்கும் தெரியாமல் போகிறது. இக்கட்டுரை இந்தியாவில் விற்கப்படும் கைபேசிகளில் காணப்படும் அறிவிப்புகளை முதன்மையாக விளக்குகிறது.

இடம்பெறும் இடங்கள்

தொடக்கத்தில் சான்றளிப்புக் குறிகள் அனைத்தும் கருவியின் பின்புறத்திலோ மின்கலத்தின் அடியிலோ அச்சிடப்பட்டன. கருவிகள் மெலிந்து, மின்கலத்தைக் கழற்ற முடியாத அமைப்பு வந்தபின் இடம் போதவில்லை. அமெரிக்காவில் 2014 நவம்பர் 26 அன்று கையொப்பமான மின் அடையாளச் சட்டம், திரை கொண்ட கருவிகள் இக்குறிகளைத் திரையிலேயே காட்ட அனுமதித்தது. இந்தியா உள்ளிட்ட பிற நாடுகளும் இம்முறையை ஏற்றன. இன்று ஐபோன்களில் அமைப்புகள், பொது என்ற பிரிவுகளின் கீழும், ஆண்ட்ராய்டு கைபேசிகளில் பெரும்பாலும் 'கைபேசி பற்றி' என்ற பிரிவின் கீழும் சட்டத் தகவலையும் ஒழுங்குமுறைக் குறிகளையும் காணலாம்.

பெட்டியின் மீதுள்ள விவரங்கள்

இந்தியாவில் பெட்டியில் அடைத்து விற்கப்படும் பொருள்களுக்கு 2011ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவு (பொதியப்பட்ட பொருள்கள்) விதிகள் பொருந்தும். அவற்றின்படி கைபேசிப் பெட்டியில் தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவரின் பெயரும் முகவரியும், பொருளின் பெயர், உள்ளிருக்கும் எண்ணிக்கை, மாதமும் ஆண்டும், எல்லா வரிகளும் சேர்ந்த அதிகபட்ச சில்லறை விலை, புகார் தெரிவிக்க வேண்டிய தொடர்பு விவரம் ஆகியவை இருக்க வேண்டும். இறக்குமதிப் பொருளாயின் அது எந்த நாட்டில் உருவானது என்பதும் குறிக்கப்பட வேண்டும்.

அச்சிட்ட விலைக்கு மேல் விற்பது குற்றம். இறக்குமதியாளரின் பெயரும் ரூபாயில் விலையும் இல்லாத பெட்டி, முறையான வழியில் இந்தியச் சந்தைக்கு வராத கருவியைக் குறிக்கலாம். அத்தகைய கருவிக்குத் தயாரிப்பாளரின் இந்தியக் கிளை உத்தரவாதம் தர மறுக்கக்கூடும். விலை சற்றுக் குறைவு என்று அதை வாங்குபவர், பழுது ஏற்படும்போது புகார் தெரிவிக்க ஒரு முகவரிகூட இல்லாத நிலைக்கு ஆளாகிறார்.

பிஐஎஸ் பதிவு எண்

மின்னணு, தகவல் தொழில்நுட்பப் பொருள்களுக்கான கட்டாயப் பதிவு ஆணை 2012இல் வெளியானது. பின்னர் அதன் பட்டியலில் கைபேசியும் சேர்க்கப்பட்டது. இதன்படி, இந்தியத் தர நிர்ணய அமைவனம் (பிஐஎஸ்) ஏற்ற ஆய்வகத்தில் சோதிக்கப்பட்டுப் பதிவு பெறாத கைபேசியை இந்தியாவில் விற்க முடியாது. மின்னதிர்ச்சி, தீ, அதிக வெப்பம் ஆகிய ஆபத்துகளை முன்னிட்டே இச்சோதனை நடத்தப்படுகிறது. பதிவுக்கு அடிப்படையாக அமைந்த தரம் ஐஎஸ் 13252 (பகுதி 1) ஆகும். மின்கலத்துக்குத் தனியாக ஐஎஸ் 16046 என்ற தரம் உண்டு.

பதிவு பெற்ற பொருளில் தரக் குறியுடன், ஆர் என்னும் ஆங்கில எழுத்தில் தொடங்கி எட்டு இலக்கங்கள் கொண்ட பதிவு எண் இருக்கும். கைபேசிக்கும் மின்கலத்துக்கும் மின்னேற்றிக்கும் தனித்தனியாகப் பதிவு தேவைப்படுவதால் ஒரே பெட்டியிலுள்ள பொருள்களில் வெவ்வேறு எண்கள் காணப்படுவது இயல்பே. ஒரே நிறுவனத்தின் பெயரில் வந்தாலும் வேறு வேறு ஆலைகளில் தயாரானவற்றுக்கும் எண்கள் மாறும். பிஐஎஸ் கேர் என்னும் செயலியில் எண்ணை உள்ளிட்டால், அது யாருக்கு, எந்தப் பொருளுக்கு வழங்கப்பட்டது என்பதை அறியலாம். கடைகளில் தனியாக விற்கும் போலி மின்னேற்றிகளை அடையாளம் காண இது எளிய வழியாகும்.

இதே அமைவனத்தின் ஐஎஸ் 16333 (பகுதி 3) என்ற தரம் மொழி தொடர்பானது. இதன்படி இந்தியாவில் விற்கப்படும் கைபேசிகளில் அட்டவணையிலுள்ள 22 இந்திய மொழிகளிலும் குறுஞ்செய்தியைப் படிக்கும் வசதி இருக்க வேண்டும். ஆங்கிலம், இந்தி, மேலும் ஓர் இந்திய அலுவல் மொழி ஆகியவற்றில் எழுதும் வசதியும் வேண்டும். மலிவான பொத்தான் கைபேசியிலும் தமிழ்ச் செய்தி கட்டங்களாகச் சிதையாமல் தெரிய வேண்டும் என்பதற்கு இத்தரமே சட்டப்படியான அடிப்படை.

ஐஎம்இஐ எண்

ஐஎம்இஐ என்பது ஒவ்வொரு கைபேசிக்கும் தனியாக அமையும் 15 இலக்க அடையாள எண்ணாகும். இரண்டு சிம் பொருத்தும் கைபேசிக்கு இரண்டு எண்கள் இருக்கும். *#06# என்று அழுத்தினால் எண் திரையில் தோன்றும். முதல் எட்டு இலக்கங்கள் கருவியின் மாதிரியைக் குறிக்கும். அடுத்த ஆறு இலக்கங்கள் அந்த மாதிரிக்குள் வரிசை எண். கடைசி இலக்கம் சரிபார்ப்பு இலக்கம்.

சரிபார்ப்பு இலக்கம் கணக்கிடப்படும் முறை எளியது. எடுத்துக்காட்டாக, முதல் 14 இலக்கங்கள் 12345678901234 என்று வைத்துக்கொள்ளலாம். இரட்டை இடங்களிலுள்ள இலக்கங்களை இரண்டால் பெருக்க வேண்டும். பெருக்கத்தொகை இரண்டு இலக்கமாக வந்தால் அவ்விரண்டையும் கூட்டி ஒன்றாக்க வேண்டும். அப்போது 4, 8, 3, 7, 0, 4, 8 என்று வரும், கூட்டுத்தொகை 34. ஒற்றை இடங்களிலுள்ள 1, 3, 5, 7, 9, 1, 3 ஆகியவற்றின் கூட்டுத்தொகை 29. மொத்தம் 63. இதை அடுத்த பத்தின் மடங்கான 70 ஆக்க 7 தேவை. எனவே கடைசி இலக்கம் 7. இக்கணக்கு தட்டச்சுப் பிழையை மட்டுமே காட்டும். கணக்கு சரியாக வருவதால் கருவி உண்மையானது என்று சொல்லிவிட முடியாது.

ஐஎம்இஐ எண் இல்லாத கைபேசிகளின் இணைப்பைத் துண்டிக்குமாறு இந்தியத் தொலைத்தொடர்புத் துறை 2009ஆம் ஆண்டின் இறுதியில் நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. எண்ணை மாற்றுவதும் அழிப்பதும் 2017ஆம் ஆண்டு விதிகளால் தடைசெய்யப்பட்டன. 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம் தொலைத்தொடர்பு அடையாளங்களைத் திருத்துவதற்கு மூன்று ஆண்டுகள் வரை சிறையோ, 50 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்க வழிசெய்கிறது. 2023 ஜனவரி 1 முதல், இந்தியாவில் தயாராகும் ஒவ்வொரு கைபேசியின் எண்ணும் முதல் விற்பனைக்கு முன்பே அரசின் இணையதளத்தில் பதிவாக வேண்டும் என்ற விதியும் வந்தது.

இத்தனை கட்டுப்பாடுகளுக்குக் காரணம் உண்டு. 2020 ஜூன் மாதத்தில் உத்தரப் பிரதேசத்தின் மீரட் காவல்துறை, ஒரே ஐஎம்இஐ எண்ணில் 13,000க்கும் மேற்பட்ட கைபேசிகள் நாடு முழுவதும் இயங்கிவந்ததாகக் கண்டறிந்து வழக்குப் பதிவு செய்தது. ஒரு கருவிக்கு ஓர் எண் என்ற அடிப்படை குலைந்தால், திருடப்பட்ட கைபேசியை முடக்குவதும் குற்றத்துக்குப் பயன்பட்ட கைபேசியைத் தேடுவதும் இயலாமல் போகும். குற்றத்தோடு தொடர்பில்லாத ஒருவரிடம் விசாரணை சென்று சேரவும் இடமுண்டு.

2023 மே மாதத்தில் தொடங்கப்பட்ட சஞ்சார் சாத்தி இணையதளத்தின் வழியாக, தொலைந்த கைபேசியை எந்த நிறுவனத்தின் சிம் போட்டாலும் இயங்காதவாறு முடக்கலாம். இதற்குக் காவல் நிலையத்தில் அளித்த புகாரின் நகலும் ஐஎம்இஐ எண்ணும் தேவை. கைபேசி தொலைந்த பிறகு *#06# அழுத்திப் பார்க்க முடியாது. ஆகவே பெட்டியையோ விலைச்சீட்டையோ பத்திரமாக வைத்திருப்பது இன்றியமையாதது.

எஸ்ஏஆர் அளவு

கைபேசி வெளியிடும் வானொலி அலையின் ஆற்றலில் ஒரு பகுதியை உடல் உறிஞ்சிக்கொள்கிறது. ஒரு கிலோகிராம் திசு எத்தனை வாட் ஆற்றலை உறிஞ்சுகிறது என்பதே எஸ்ஏஆர் அளவு. இந்தியாவில் 2012 செப்டம்பர் 1 முதல் இதன் உச்சவரம்பு, ஒரு கிராம் திசுவின் சராசரியில் கிலோகிராமுக்கு 1.6 வாட் ஆகும். அமெரிக்காவின் வரம்பும் இதுவே. ஐரோப்பிய ஒன்றியத்தில் தலைக்கும் உடலுக்கும் 10 கிராம் திசுவின் சராசரியில் 2 வாட். கை கால்களுக்கு 4 வாட். சராசரி எடுக்கும் திசுவின் எடை வேறுபடுவதால் இந்திய எண்ணையும் ஐரோப்பிய எண்ணையும் நேரடியாக ஒப்பிடக் கூடாது. இந்தியாவில் விற்கப்படும் கைபேசிகளில் *#07# என்று அழுத்தி இந்த அளவைக் காணலாம்.

ஆய்வகத்தில் மனிதத் தலை வடிவிலான அச்சில், உடல் திசுவின் மின் பண்புகளைக் கொண்ட திரவம் நிரப்பப்படுகிறது. கைபேசி அதன் உச்ச ஆற்றலில் அலை வீசும்படி வைக்கப்படுகிறது. இயந்திரக் கை ஒன்று திரவத்துக்குள் உணரியை நகர்த்தி அளவெடுக்கிறது. அன்றாடப் பயன்பாட்டில் கைபேசி தேவையான அளவுக்கே ஆற்றலைச் செலுத்துகிறது. கோபுரம் அருகிலிருந்தால் குறைவாகவும், சிக்னல் மங்கும் இடத்தில் கூடுதலாகவும் செலுத்தும். ஆகவே 0.9 என்று குறிக்கப்பட்ட கைபேசி, 1.2 என்று குறிக்கப்பட்டதைவிட எப்போதும் குறைவாக வெளியிடும் என்று கொள்ள முடியாது. வரம்புக்கு உட்பட்டது என்பதை மட்டுமே இவ்வெண் உறுதிசெய்கிறது.

இந்த அறிவிப்பில் கவனிக்க வேண்டிய மற்றொன்று இடைவெளி. உடலுக்கான சோதனை நடக்கும்போது கைபேசிக்கும் உடல் அச்சுக்கும் இடையே சில மில்லிமீட்டர் தூரம் விடப்படுவதுண்டு. 5 மில்லிமீட்டர், 15 மில்லிமீட்டர் போன்ற தூரங்கள் கையேடுகளில் குறிக்கப்பட்டிருக்கும். சட்டைப் பையில் உடலோடு ஒட்டி வைக்கப்படும் கைபேசி, அச்சோதனையின் நிலைமையில் இருப்பதில்லை. எண்ணைப் படிப்பவர் தூரத்தையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை, வானொலி அலை மின்காந்தப் புலங்களை 2011 மே மாதத்தில் 2பி பிரிவில் வைத்தது. புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்பதற்கு வரம்புக்குட்பட்ட சான்றுகளே உள்ளவை இப்பிரிவில் அடங்கும். தீங்கு நிறுவப்பட்டுவிட்டது என்பது இதன் பொருளன்று.

அறிவிக்கப்பட்ட அளவை அரசுகள் பின்னர் மறுபடியும் சோதிப்பதுண்டு. 2023 செப்டம்பரில் பிரான்சின் அலைவரிசை முகமை, சந்தையிலிருந்து எடுத்துச் சோதித்த ஐபோன் 12இல் கை கால்களுக்கான அளவு 5.74 வாட் என்று கண்டது. வரம்பு 4 வாட் என்பதால் விற்பனையை நிறுத்த உத்தரவிட்டது. தலைக்கும் உடலுக்குமான அளவுகள் வரம்புக்குள்ளேயே இருந்தன. ஆப்பிள் நிறுவனம் பிரான்சுக்கென மென்பொருள் திருத்தம் வெளியிட்டது. அதன்பின் எடுத்த அளவு 3.94 வாட். மூன்று ஆண்டுகளாகச் சந்தையில் இருந்த கருவியைப் பற்றியும் ஓர் ஒழுங்குமுறை அமைப்பு கேள்வி எழுப்ப முடியும் என்பதற்கு இது சான்று.

அயல்நாட்டுக் குறிகள்

ஒரே மாதிரி பல நாடுகளில் விற்கப்படுவதால் இந்தியக் கைபேசியிலும் அயல்நாட்டுக் குறிகள் காணப்படலாம். சிஇ என்னும் குறி, பொருள் ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிகளுக்கு உட்பட்டது எனத் தயாரிப்பாளரே அறிவிப்பதாகும். அரசு வழங்கும் தரப் பரிசாக இதைக் கொள்வது தவறு. வானொலிக் கருவிகளுக்கு இதன் அடிப்படை 2014ஆம் ஆண்டின் வானொலிக் கருவி ஆணை. இவ்வாணையின் திருத்தத்தின்படியே 2024 டிசம்பர் 28 முதல் ஐரோப்பாவில் விற்கப்படும் புதிய கைபேசிகளுக்கு சி வகை யுஎஸ்பி இணைப்பு கட்டாயமாயிற்று.

எஃப்சிசி என்பது அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையத்தின் சுருக்கம். அதனுடன் வரும் அறிவிப்பு இரண்டு நிபந்தனைகளைச் சொல்கிறது. கருவி பிறவற்றுக்குத் தீங்கான இடையூறு செய்யக் கூடாது. பிறவற்றிலிருந்து வரும் இடையூறுகளைத் தாங்கிக்கொள்ள வேண்டும். அலைவரிசை பொதுச் சொத்து என்ற கொள்கையே இதன் அடிப்படை. கையேடுகளில் ஐரோப்பிய நாடுகளின் சுருக்க எழுத்துகள் கட்டங்களில் அடுக்கப்பட்டிருப்பதும் இதனால்தான். 5150 முதல் 5350 மெகாஹெர்ட்ஸ் வரையிலான வைஃபை அலைவரிசையைக் கட்டடத்துக்குள் மட்டுமே பயன்படுத்த வேண்டிய நாடுகள் அங்கே பட்டியலிடப்படுகின்றன.

மின்கழிவுக் குறி

சக்கரம் வைத்த குப்பைத்தொட்டியின் மேல் குறுக்குக் கோடுகள் இட்ட படம், இப்பொருளை வீட்டுக் குப்பையோடு போடக் கூடாது என்பதைக் குறிக்கும். ஐரோப்பாவில் தொட்டியின் அடியில் ஒரு தடித்த கோடும் இருந்தால், பொருள் 2005 ஆகஸ்ட் 13க்குப் பின் சந்தைக்கு வந்தது என்று பொருள். இந்தியாவில் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையிலுள்ள மின்கழிவு மேலாண்மை விதிகள், பயன்பாடு முடிந்த கருவிகளை மறுசுழற்சிக்கு உட்படுத்தும் பொறுப்பைத் தயாரிப்பாளர் மேல் வைக்கின்றன.

கையேட்டில் காணப்படும் வேதிப்பொருள் அறிவிப்பும் இதனோடு தொடர்புடையது. ஈயம், பாதரசம், அறுமதிப்புக் குரோமியம், புரோமின் கலந்த இரு வகைத் தீத்தடுப்பிகள் ஆகியவை ஒரே தன்மையான பொருளில் எடையில் 0.1 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. காட்மியத்துக்கு வரம்பு 0.01 விழுக்காடு. பழைய கைபேசியைத் திறந்த வெளியில் எரித்தோ அமிலத்தில் கரைத்தோ உலோகம் எடுப்பவர்களின் உடலையும் சுற்றியுள்ள மண்ணையும் நீரையும் முதலில் தாக்குபவை இத்தகைய பொருள்களே.

எச்சரிக்கைகளும் பொறுப்புத் துறப்பும்

இதய முடுக்கி பொருத்தியவர்கள் கைபேசியை 15 சென்டிமீட்டராவது தள்ளி வைத்துக்கொள்வது, பெட்ரோல் நிலையத்தில் அறிவிப்புப் பலகைக்குக் கட்டுப்படுவது, வீங்கிய மின்கலத்தைக் குத்தாமலிருப்பது, அவசர அழைப்புக்குக் கைபேசியை மட்டுமே நம்பாமலிருப்பது போன்ற எச்சரிக்கைகள் கையேட்டின் பல பக்கங்களை நிரப்புகின்றன. இவை நல்ல அறிவுரைகள். அதே நேரத்தில் இவற்றுக்குச் சட்டக் காரணமும் உண்டு. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, போதிய பயன்பாட்டு வழிமுறையோ எச்சரிக்கையோ இல்லாததால் தீங்கு நேர்ந்தால் தயாரிப்பாளர் பொறுப்பேற்க வேண்டும். பொருளைத் தவறாகப் பயன்படுத்தியிருந்தாலோ மாற்றியமைத்திருந்தாலோ அவர் பொறுப்பிலிருந்து விலக்குப் பெறலாம். எச்சரிக்கைகள் நீளமாக இருப்பதற்கு இதுவே காரணம்.

ஆனால் சிறிய எழுத்தில் எழுதிவிட்டதாலேயே எல்லாப் பொறுப்பும் நீங்கிவிடாது. நீர் புகாத் தன்மை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஐபி68 என்னும் மதிப்பீடு, ஆய்வகத்தில் அசைவற்ற நன்னீரில், குறித்த ஆழத்தில், குறித்த நேரம் வரை மட்டுமே பொருந்தும். விளம்பரத்தில் கருவி நீரில் நனையும். உத்தரவாதத் தாளில் நீரால் ஏற்படும் சேதம் விலக்கப்பட்டிருக்கும். இந்த முரண்பாட்டுக்காக இத்தாலியின் போட்டி ஆணையம் 2020 நவம்பரில் ஆப்பிள் நிறுவனத்துக்கு ஒரு கோடி யூரோ அபராதம் விதித்தது. இந்தியாவிலும், ஒருதலைப்பட்சமான ஒப்பந்த நிபந்தனைகளை நியாயமற்றவை என்று எதிர்க்க 2019ஆம் ஆண்டுச் சட்டம் வாய்ப்பளிக்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

உரிமக் குறிப்புகள்

அமைப்புகள் பட்டியலில் மிக நீளமான பகுதி பெரும்பாலும் திறமூல மென்பொருள் உரிமங்களே. ஆண்ட்ராய்டின் அடித்தளமான லினக்ஸ் கரு, குனூ பொதுமக்கள் உரிமத்தின் இரண்டாம் பதிப்பின்கீழ் வெளியாகிறது. இதைத் தன் கருவியில் பயன்படுத்தும் நிறுவனம், மாற்றிய மூல நிரலைக் கேட்போருக்குத் தர வேண்டும். நிரலை உடன் தராவிட்டால், குறைந்தது மூன்று ஆண்டுகளுக்குச் செல்லும் எழுத்துவழி உறுதிமொழியைத் தருவது இவ்வுரிமம் அனுமதிக்கும் வழிகளில் ஒன்று. பட்டியலில் புதைந்திருக்கும் அந்தச் சில வரிகளே, தயாரிப்பாளர் கைவிட்ட பழைய கைபேசிகளுக்குத் தன்னார்வலர்கள் புதிய இயங்குதளம் உருவாக்கப் பெரிதும் துணைசெய்கின்றன.

வாங்கும்போது சரிபார்க்கும் முறை

இவ்வறிவிப்புகளைக் கொண்டு, குறிப்பாகப் பயன்படுத்திய கைபேசியை வாங்கும்போது, பின்வருவனவற்றைச் சில நிமிடங்களில் சரிபார்க்கலாம்:

• *#06# அழுத்தினால் தோன்றும் எண்ணும், பெட்டியிலும் விலைச்சீட்டிலும் உள்ள எண்ணும் ஒன்றா என்று பார்த்தல்.

• கேஒய்எம் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளைத் தட்டி, ஓர் இடைவெளி விட்டு, 15 இலக்க எண்ணையும் சேர்த்து 14422 என்ற எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்புதல். கறுப்புப் பட்டியலில் உள்ளது, போலி நகல், ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது என்று பதில் வந்தால் வாங்குவதைத் தவிர்க்க வேண்டும் என்பது தொலைத்தொடர்புத் துறையின் அறிவுரை.

• பதில் செய்தியில் வரும் நிறுவனமும் மாதிரியும் கையிலுள்ள கருவியோடு பொருந்துகின்றனவா என்று பார்த்தல்.

• கருவி, மின்னேற்றி ஆகியவற்றின் பிஐஎஸ் பதிவு எண்களைச் செயலியில் சோதித்தல்.

• பெட்டியில் இறக்குமதியாளர் அல்லது தயாரிப்பாளரின் முகவரி, ரூபாய் விலை, மாதம், ஆண்டு ஆகியவை உள்ளனவா என்று பார்த்தல்.

இச்சோதனைகளில் தேறிய கருவியும் பழுதாகலாம். ஆனால் அது யாருடையது, யார் தயாரித்தது, பழுதானால் யாரைக் கேட்பது என்ற மூன்று கேள்விகளுக்கும் பணம் கொடுப்பதற்கு முன்பே விடை கிடைத்துவிடும். திருட்டுக் கைபேசியை அறியாமல் வாங்கியவர், கருவி முடக்கப்படும்போது பணத்தையும் அதிலுள்ள தகவல்களையும் ஒருசேர இழக்க நேரிடும். காவல் நிலையத்தில் விளக்கமளிக்கவும் வேண்டியிருக்கும்.